மறு: ஹெட்போன் சென்சிட்டிவிட்டிக்கு 'உணர்திறன்' பொருந்தாது, 'ஒலிப்பேறு' என்று முன்மொழிகிறேன்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். குடியாத்தம் தம்பி கேட்ட கேள்வியிலிருந்துதான் இந்த இழை கிளம்பியது. ஹெட்போன் பெட்டியில் 'சென்சிட்டிவிட்டி' என்று ஓர் எண் போட்டிருக்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன, அதை வைத்து ஆம்ப் (ஹெட்போனுக்குப் போகும் மின்சாரத்தைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபயர்) எப்படித் தேர்ந்தெடுப்பது என்று இரண்டையும் சேர்த்தே கேட்டிருந்தார். முதல் கேள்விக்கு நாம் 'உணர்திறன்' என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டோம். இரண்டாவது கேள்வியில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறோம். முதல் பதில் சரியில்லை, அதனால்தான் இரண்டாவது பிடிபட மாட்டேன் என்கிறது என்று நினைக்கிறேன்.

> உணர்திறன் அகராதியிலும் இருக்கிறது, வழக்கிலும் இருக்கிறது. புதுச்சொல் எதற்கு?

மைக்குக்கு அது அருமையான சொல். மைக் காற்றழுத்தத்தை உணர்கிறது. ஒரு பாஸ்கல் அழுத்தத்துக்கு எத்தனை மில்லிவோல்ட் தருகிறது என்று பார்த்து அதன் உணர்திறனைச் சொல்கிறார்கள். ரேடியோவுக்கும் அப்படியே. மெல்லிய அலையைக்கூடப் பிடித்துவிட்டால் உணர்திறன் அதிகம். ஆனால் ஹெட்போன் எதையும் உணர்வதில்லை. மின்சாரத்தை வாங்கிக்கொண்டு ஒலியைத் தருகிறது, அவ்வளவுதான். அந்த எண் சொல்வதும் அதைத்தான்: இவ்வளவு மின்சாரம் கொடுத்தால் இவ்வளவு டெசிபெல் சத்தம் வரும்.

இது வெறும் சொல் நுணுக்கம் இல்லை, வாங்குகிறவர் பணத்தைத் தொடும் விஷயம். 'உணர்திறன் அதிகம்' என்று படித்ததும் யாருக்கும் என்ன தோன்றும்? வீணையின் கமகம் துல்லியமாகக் கேட்கும், பாடகர் மூச்சு இழுப்பதுகூடத் தெரியும் என்றுதான் தோன்றும். அந்த எண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஹைஃபைமேன் எச்இ-6 என்ற ஹெட்போனுக்கு அந்த எண் மில்லிவாட்டுக்கு வெறும் 83.5 டெசிபெல். நம் சொல்லில் எழுதினால் 'உணர்திறன் மிகக் குறைந்த ஹெட்போன்'. ஆனால் நுணுக்கத்துக்காகவே தேடி வாங்கிப் போற்றிய ஹெட்போன் அது. மறுபக்கம், காதுக்குள் செருகும் சில இயர்போன்களில் அந்த எண் 115-ஐத் தொடும். அவற்றை வீட்டு ஆம்பில் செருகினால் பாட்டு தொடங்குமுன்பே 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் காதில் விழும், ஆம்பின் சொந்த இரைச்சலையும் அவை பெருக்கிக் காட்டுவதால். ஆக, எண் கூடினால் நல்லது, குறைந்தால் மட்டம் என்ற பேச்சே இங்கே இல்லை. 'உணர்திறன்' என்ற சொல் அப்படி ஒரு தரவரிசையை வாசகர் தலையில் ஏற்றிவிடுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் 'திறன்' என்றால் வாட்டில் அளக்கும் பவர். மில்லிவாட் கணக்கு பேசும் அதே வரியில் உணர்திறன் என்று இன்னொரு திறனும் வந்தால் மாணவர் குழம்பத்தான் செய்வார். யாழ்ப்பாணத்து ஐயா 'வினைத்திறன்' போதும் என்றார். அங்கே பவருக்கு 'வலு' என்ற சொல் இருப்பதால் திறன் மோதாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வினைத்திறன் என்பது உள்ளே போன வாட்டில் எத்தனை விழுக்காடு வெளியே வந்தது என்ற விகிதம். நாம் தேடும் எண் விழுக்காடு இல்லை.

சரி, இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்ப்போம். ஹெட்போன் நமக்குப் புதிது. ஆம்ப்ளிஃபயரும் ஹாரனும் (கூம்பு ஒலிபெருக்கி) புதிதில்லை. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குத் தெருத்தெருவாக ஹாரன் கட்டுகிறவர்கள் பல தலைமுறையாக இதே கணக்கைப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். காட்பாடியில் மைக்செட் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். ஹாரனின் பின்னால் திருகியிருந்த யூனிட்டைக் கழற்றிப் பிரித்துக் காட்டினார். உள்ளே சின்ன வட்டச் சவ்வு, அதன் விளிம்பில் நூல் போலச் சுற்றிய செம்புக் கம்பி. "இது கம்மி கரண்ட்ட வாங்கிக்கினு சவுண்ட நல்லா குடுக்கும். அந்த பாக்ஸு கரண்ட்ட தின்னும், சவுண்டு வராது" என்று மூலையில் இருந்த பெட்டி ஸ்பீக்கரைக் காட்டினார். அவர் சொன்னதுதான் விளக்கம். ஹாரன் ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தூரத்தில் 105 டெசிபெல்லுக்கு மேல் தரும். வீட்டுப் பெட்டி ஸ்பீக்கர் பெரும்பாலும் 85-லிருந்து 90-க்குள். இடைவெளி 15 டெசிபெல் என்றாலே ஏறக்குறைய 30 மடங்கு வாட். சின்ன ஆம்பை வைத்துக்கொண்டு ஊர் முழுக்கக் கேட்க வைக்கும் ரகசியம் அதுதான்.

வாங்கியது எவ்வளவு, அதற்குப் பெற்றது எவ்வளவு: அவர் பேச்சில் இருப்பது இந்த இரண்டுதான். அதனால் 'ஒலிப்பேறு' என்று முன்மொழிகிறேன். கொடுத்த மின்சாரத்துக்குப் பெற்ற ஒலி.

> பேறு என்றால் மகப்பேறு, வீடுபேறுதான் நினைவுக்கு வரும். ஹெட்போனுக்கு ஒட்டுமா?

ஆம்பூர் அண்ணன் தனிமடலில் கேட்டது இது. அவர் அனுமதியோடு இங்கே பதில் சொல்கிறேன். கெடு என்பது கேடு ஆவதுபோல, சுடு என்பது சூடு ஆவதுபோல, பெறு என்பது பேறு ஆகிறது. இலக்கண வகுப்பில் முதனிலை திரிந்த தொழிற்பெயருக்கு எல்லாரும் படித்த எடுத்துக்காட்டுதான். பெறுவது எதுவானாலும் பேறுதான். பக்தி இலக்கியத்தில் அதிகம் புழங்கியது என்பதற்காக அதை அங்கேயே விட்டுவிட வேண்டியதில்லை. வாலாஜா நண்பர் சொன்ன 'ஒலிமகசூல்' பொருளில் மிகச் சரி, ஆனால் நீளம். 'ஒலிவிளைவு' என்றால் நாடகத்தில் வரும் இடியோசையும் குதிரைக் குளம்பொலியும் என்று ஆகிவிடும். 'ஒலியளவு' ஏற்கெனவே வால்யூமுக்குப் போய்விட்டது.

ஆங்கிலத்தில் மைக்குக்கும் ஹெட்போனுக்கும் ஒரே சொல்தானே, நமக்கு மட்டும் ஏன் இரண்டு என்றும் ஒரு கேள்வி வந்தது. மைக் ஒலியை மின்சாரமாக்குகிறது, ஹெட்போன் மின்சாரத்தை ஒலியாக்குகிறது. வேலை நேர் எதிர். பிரித்துச் சொல்ல நம்மிடம் வசதி இருக்கும்போது பிரித்துச் சொல்வதே நல்லது.

இனி முக்கியமான இடம். ஒலிப்பேறு என்று மட்டும் எழுதினால் பாதிதான் சொன்னதாகும். எதற்கு எதிரான பேறு என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். சில கம்பெனிகள் ஒரு மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபெல் என்று போடுகின்றன, சில ஒரு வோல்ட்டுக்கு இத்தனை என்று. சில பெட்டிகளில் டெசிபெல் மட்டும் இருக்கும், எதற்கு என்றே இருக்காது. வண்டி மைலேஜை ஒருவர் லிட்டர் கணக்கிலும் இன்னொருவர் ரூபாய்க் கணக்கிலும் சொன்னால் எப்படி ஒப்பிட முடியாதோ, அப்படித்தான் இதுவும். ஆகவே 'மில்லிவாட் ஒலிப்பேறு', 'வோல்ட் ஒலிப்பேறு' என்று இரண்டு சொற்களாகவே கலைச்சொல் பட்டியலில் ஏற்றலாம் என்கிறேன்.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போவது எளிது. 1000-ஐ ஹெட்போனின் ஓம் மதிப்பால் வகுத்து, அதன் மடக்கையை (பத்தை அடியாகக் கொண்ட log) பத்தால் பெருக்கி, மில்லிவாட் ஒலிப்பேற்றோடு கூட்டினால் வோல்ட் ஒலிப்பேறு வந்துவிடும். 32 ஓம் என்றால் 15 டெசிபெல் கூட்ட வேண்டும், 300 ஓம் என்றால் 5, 600 ஓம் என்றால் 2. (இம்பீடன்ஸுக்கு, அதாவது மின்சாரத்துக்கு ஹெட்போன் காட்டும் தடைக்கு, என்ன சொல் என்று நம் குழுவில் இன்னும் முடிவாகவில்லை. அதுவரை 'ஓம் மதிப்பு' என்றே எழுதுகிறேன். கடையிலும் 'எத்தனை ஓம்' என்றுதான் கேட்கிறார்கள்.)

இது எங்கே உதவும் என்றால், ஒரு பெட்டியில் '32 ஓம், 105' என்றும் இன்னொன்றில் '300 ஓம், 97' என்றும் இருக்கிறது. முதலாவதுதான் எளிதில் சத்தம் தரும் என்று எடுத்துவிடுவோம். முதல் எண் வோல்ட்டுக்கு, இரண்டாவது மில்லிவாட்டுக்கு என்றால்? மில்லிவாட் கணக்கில் முதலாவது 90-தான். இரண்டாவதைவிட ஐந்து மடங்கு மில்லிவாட் கேட்கும்.

பேயர்டைனமிக் டிடி 880 இதற்கு நல்ல பாடம். 32, 250, 600 என்று மூன்று ஓமில் அந்த ஹெட்போன் வந்தது. உள்ளே கம்பிச் சுருள்தான் வேறு: ஓம் கூடக் கூட, கம்பி மெலிந்து சுற்று அதிகமாகும். மூன்றுக்கும் மில்லிவாட் ஒலிப்பேறு 96 என்றே வைத்துக்கொள்வோம். தவில் அடி காதில் விழும் அந்த நொடிக்கு 110 டெசிபெல் வரை இடம் வேண்டும் என்றால் (தொடர்ந்து கேட்க இல்லை, உச்சத்துக்கு மட்டும், சராசரி 75-ஐ ஒட்டி இருந்தால்தான் காதுக்கு நல்லது) மூன்றுக்கும் 25 மில்லிவாட் போதும். ஆனால் அதே 25 மில்லிவாட்டுக்கு 32 ஓம் வகை 0.9 வோல்ட் கேட்கும், 250 ஓம் 2.5 வோல்ட், 600 ஓம் ஏறக்குறைய 3.9 வோல்ட். டைப்-சி டாங்கிள் (போனில் செருகி அதில் ஹெட்போனை மாட்டும் சின்ன இணைப்பி) பல ஒரு வோல்ட்டை ஒட்டித்தான் தருகின்றன. முதல் வகைக்கு அதுவே போதும், மற்ற இரண்டுக்கும் தனி ஆம்ப் வேண்டும். முன்னே சொன்ன எச்இ-6 வேறு மாதிரி. அதற்கு 50 ஓம்தான், ஆனால் 110 டெசிபெல்லுக்கு 450 மில்லிவாட், 4.7 வோல்ட், அதோடு 95 மில்லிஆம்பியர் கரண்ட்டும் வேண்டும். சென்ஹைசர் எச்டி 600-க்கு 300 ஓம், மில்லிவாட்டுக்கு 97. அதே சத்தத்துக்கு 20 மில்லிவாட், 2.5 வோல்ட், 8 மில்லிஆம்பியர் போதும். ஓம் கூடினால் ஆம்ப் திணறும் என்று பொதுவாகச் சொல்வது எவ்வளவு அரைகுறை என்று இதிலேயே தெரியும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. வேலூர் வெயிலில் ஃபேன் இல்லாமல் உட்கார்ந்து பாட்டுக் கேட்க முடியாது. எச்டி 600, டிடி 880 போன்றவை பின்பக்கம் காற்றாட விட்ட வகை. ஃபேன் ஓசை அப்படியே உள்ளே வரும். தன்னையறியாமல் சத்தத்தைக் கூட்டுவோம். ஆறு டெசிபெல் கூட்டினால் வோல்ட் இரண்டு மடங்கு, மில்லிவாட் நான்கு மடங்கு. கணக்குப் போடும்போதே அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கையிலிருக்கும் டாங்கிள் எத்தனை வோல்ட் தருகிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். சாதாரண மல்டிமீட்டர் போதும். 50 ஹெர்ட்ஸ் சீரான ஒலியை முழு அளவில் பதிந்த கோப்பை ஓடவிட்டு, வால்யூமை முழுக்க வைத்து, டாங்கிளில் செருகிய ஆடியோ கம்பியின் மறுமுனைப் பின்னின் நுனிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே ஏசி வோல்ட்டில் அளக்க வேண்டும். விலை குறைந்த மீட்டர்கள் 1000 ஹெர்ட்ஸில் தப்புக் காட்டக்கூடும், கரண்ட் லைனுக்காகச் செய்த 50 ஹெர்ட்ஸில் சரியாகக் காட்டும். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு இதைச் செய்ய வேண்டாம்.

> 'ஹார்டு டு டிரைவ்' என்பதற்கு 'ஓட்டக் கடினமான' என்று போடலாமா?

வேண்டாம். ஹெட்போனை யாரும் ஓட்டுவதில்லை. மைக்செட்காரர் "இந்த ஆம்ப் நாலு ஹாரன் இழுக்கும்" என்பார், "எட்டு போட்டா இழுக்காது" என்பார். அந்த வினையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: 'இந்த ஆம்ப் எச்இ-6-ஐ இழுக்காது'. 'இழுவை' என்று பெயர்ச்சொல் மட்டும் ஆக்க வேண்டாம். சலிப்பூட்டும் சினிமாவைச் சொல்வதற்கு அது போய் வெகுநாளாகிறது.

கடைசியாக, குடியாத்தம் தம்பி கேட்டதற்கு வருகிறேன். நீங்கள் பார்த்து வைத்திருப்பது 250 ஓம் டிடி 880. ஆம்பில் '32 ஓமில் 100 மில்லிவாட்' என்று போட்டிருக்கிறது, அல்லவா? அது 1.8 வோல்ட். 250 ஓமில் அதே 1.8 வோல்ட் 13 மில்லிவாட்தான் தரும், உச்சம் 107 டெசிபெல். இரவில் அமைதியாகக் கேட்க ஏறக்குறையப் போதும். ஃபேன் ஓடும் மத்தியானத்துக்குப் போதாது. அந்த ஹெட்போன்தான் வேண்டும் என்றால் 250 ஓமில் 100 மில்லிவாட் தரும், அதாவது 5 வோல்ட் தரும் ஆம்பாகப் பாருங்கள். 116 டெசிபெல் வரை தாராளமாக இழுக்கும். இந்த ஆம்ப்தான் என்று முடிவு செய்துவிட்டால், அதே டிடி 880-ல் 32 ஓம் வகையை வாங்குங்கள், அதே 116 கிடைத்துவிடும். ஆனால் 32 ஓமுக்கு ஆம்பின் சொந்த வெளியீட்டு ஓம் 4-க்குள் இருக்க வேண்டும், ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்கு என்ற கணக்கில். பெட்டியில் போடாவிட்டால் கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள், தம்பி.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து