சப்தலாமிக் கரு பழுதானால் கை வீசுகிறது, அங்கேயே மின்முனை வைத்தால் பார்க்கின்சன் தணிகிறது: கணக்கு எங்கே இடிக்கிறது?

கேள்வி | உள்முடிச்சு

அசைவை ஒழுங்குபடுத்தும் மூளைக் கருக்களான பேசல் கேங்லியாவின் சுற்றைக் கூட்டல் (தூண்டல்), கழித்தல் (அடக்கல்) குறி போட்டு வரைந்தால் ஒருவாறு பிடிபடுகிறது. அதன் நுழைவாயிலான ஸ்ட்ரியேட்டத்திலிருந்து நேர்வழி, சுற்றுவழி என இரண்டு பாதைகள். கடைசியில் அதன் வெளிவாயிலான உள் பேலிடம், பெருமூளைப் புறணிக்குச் செய்தி கடத்தும் தலாமஸை அடக்குகிறது. மூன்று இடங்களில் சிக்குகிறேன்.

நரம்புச் செய்தி வேதிப்பொருளான டோபமின் ஒன்றுதான், அது எப்படி ஒரு வழியைத் தூண்டி மற்றதை அடக்குகிறது? சுற்றுவழியில் உள்ள சப்தலாமிக் கருவில் ரத்த அடைப்பு வந்தால் எதிர்ப்பக்கக் கை தானாகத் தூக்கி வீசுகிறது. பார்க்கின்சனில் அதே கருவை மின்சாரத்தால் "தூண்டி" விறைப்பைக் குறைக்கிறார்கள். அழிப்பதும் தூண்டுவதும் ஒரே பலன் தருமா? கடைசியாக, உள் பேலிடத்தைச் சுட்டு அழித்தால் தலாமஸ் கட்டவிழ்ந்து உடம்பு ஆட வேண்டாமா? லெவோடோபாவால் (மூளையில் டோபமினாக மாறும் பார்க்கின்சன் மருந்து) வரும் ஆட்டம் அதனால் நிற்கிறது என்கிறார்களே?

பதில் 1 | நரம்பிழை

ஓய்வு நிலையிலிருந்து தொடங்குங்கள். குரங்குகளில் அளந்தபடி, உள் பேலிடச் செல்கள் சும்மா இருக்கும்போதே நொடிக்கு 60–80 துடிப்பு விடுகின்றன. ஸ்ட்ரியேட்டத்தின் முதன்மைச் செல்களான முட்செல்களோ ஏறக்குறைய மௌனம். அதாவது தலாமஸ் மேல் பிரேக் எப்போதும் அழுத்தியே இருக்கிறது. அசைவுக்கு அதை ஓர் இடத்தில் மட்டும் தளர்த்த வேண்டும்.

இனி கழித்தல் குறிகளை எண்ணுங்கள். நேர்வழி: ஸ்ட்ரியேட்டம் உள் பேலிடத்தை அடக்கும், உள் பேலிடம் தலாமஸை அடக்கும். இரண்டு கழித்தல், விளைவு கூட்டல். சுற்றுவழி: ஸ்ட்ரியேட்டம் வெளி பேலிடத்தை, அது சப்தலாமிக் கருவை அடக்கும்; சப்தலாமிக் கரு குளுட்டமேட் என்ற தூண்டும் வேதிப்பொருளால் உள் பேலிடத்தைத் தூண்டும்; அது தலாமஸை அடக்கும். மூன்று கழித்தல், விளைவு கழித்தல். பலர் தவறுவது சப்தலாமிக் கருவில்தான். இந்தச் சங்கிலியில் காபா என்ற அடக்கும் வேதிப்பொருளைப் பயன்படுத்தாத ஒரே கண்ணி அது.

டோபமின் விஷயம் அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியில் இருக்கிறது. நேர்வழிச் செல்களில் டி1, சுற்றுவழிச் செல்களில் டி2. முன்னது செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறை ஏற்றித் தூண்டும், பின்னது இறக்கி அடக்கும். பார்க்கின்சனில் போல் டோபமின் வற்றினால் இரண்டு வழிகளும் ஒரே திசையில், பிரேக் பக்கம் சாய்கின்றன.

பெருமூளைப் புறணியிலிருந்து நேரே சப்தலாமிக் கருவுக்கு வரும் குறுக்குப் பாதையையும் படத்தில் சேருங்கள். அதன் செய்திதான் உள் பேலிடத்துக்கு முதலில் வந்து சேரும்.

பதில் 2 | மின்முனை130

தூண்டுவது என்ற பெயர்தான் குழப்புகிறது. வழக்கமான அமைப்பு 130 ஹெர்ட்ஸ், துடிப்பின் அகலம் 60 மைக்ரோநொடி. இந்த வேகத்தில் மின்முனையருகே செல் உடல்கள் பெரும்பாலும் அடங்குகின்றன, நரம்பிழைகள் தூண்டப்படுகின்றன. பார்க்கின்சனில் அந்தக் கருவில் 13–30 ஹெர்ட்ஸில் செல்கள் ஒன்றாகச் சேர்ந்து துடிக்கின்றன. வெளியிலிருந்து போகும் சீரான துடிப்பு அந்தத் தாளத்தைக் குலைக்கிறது. வேகத்தை 20 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் பலன் இருக்காது, சிலரில் அசைவு இன்னும் மந்தமாகும். வெறும் தூண்டல் என்றால் இந்த வேறுபாடு வராது. அழித்தாலும் பலன் உண்டு என்பதை டோபமின் செல்களை அழிக்கும் எம்பிடிபி என்ற நஞ்சு கொடுத்த குரங்குகளில் 1990-லேயே காட்டிவிட்டார்கள்.

இடம் மில்லிமீட்டர் கணக்கு. மின்னோட்டத்தைக் கூட்டும்போது முகம் இழுத்தாலோ பேச்சு குழறினாலோ அது வெளிப்பக்கமுள்ள இன்டர்னல் கேப்சூல் என்ற அசைவு நரம்பிழைக் கட்டுக்குக் கசிகிறது. கண் திரும்பினால் உட்பக்கம், மூன்றாம் மூளைநரம்பின் இழைகள். மரமரப்பு வந்து உடனே மறைந்தால் பொருட்டில்லை. நீடித்தால் முனை பின்னால் தள்ளி, தொடுவுணர்வுப் பாதையருகே இருக்கிறது.

பதில் 3 | தாளம்

மூன்றாவது கேள்விக்குக் கூட்டல் கழித்தல் படத்தில் விடை கிடையாது. 1994-ல் நரம்பியலாளர்கள் மார்ஸ்டனும் ஒபெசோவும் சுட்டிய முரண் இதுதான். உள் பேலிடத்திலிருந்து வருவது எவ்வளவு என்பதைவிட எந்த ஒழுங்கில் வருகிறது என்பது முக்கியம். கொத்துக்கொத்தாகச் சிதறி வரும் செய்தி தலாமஸைக் கெடுக்கிறது. அதைவிடச் செய்தியே வராதது மேல். புறணி மிச்சத்தைச் சமாளித்துக்கொள்கிறது. அசைவுத் தலாமஸின் ஒரு பகுதியைச் சுட்டாலும் நடுக்கம்தான் நிற்கும், கை செயலற்றுப் போகாது.

பதில் 1-க்கு ஒரு திருத்தம். நேர்வழி ஆக்சிலரேட்டர், சுற்றுவழி பிரேக் என்று பிரித்து வைக்காதீர்கள். எலிகளில் 2013-ல் பதிவுசெய்தபோது, அசைவு தொடங்கும் நேரத்தில் இரண்டு வகைச் செல்களும் சேர்ந்தே விழித்தன. வேண்டிய அசைவை ஒன்று விடுவிக்க, போட்டியிடும் மற்றவற்றை இன்னொன்று அடக்குகிறது என்று வைத்தால் பொருந்தும்.

உள்முடிச்சு

அப்படியானால் கை வீசுவது எப்போதும் சப்தலாமிக் கருவால்தானா?

தாளம்

இல்லை. பாடநூல் அப்படிச் சொன்னாலும் பல நோயாளிகளில் பழுது ஸ்ட்ரியேட்டத்திலோ வேறிடத்திலோ இருக்கிறது. ஸ்கேனோடு ரத்தச் சர்க்கரையையும் உடனே பாருங்கள். மிக உயர்ந்த சர்க்கரையால் வந்ததென்றால் எம்ஆர்ஐயின் டி1 வகைப் படத்தில் (முன்சொன்ன டி1 ஏற்பி அல்ல) ஸ்ட்ரியேட்டத்தின் ஒரு பகுதியான எதிர்ப்பக்கப் புட்டாமென் வெளுத்துத் தெரியும். சர்க்கரை இறங்கினால் வீச்சும் பெரும்பாலும் அடங்கும்.