புதுப்பிப்பு: பனிக்கால வார இறுதிகள், ஏரி பற்றிய கேள்விகள்

பனிச்சறுக்கு தெரியாதவர்களுக்காக முன்பு மூன்று யோசனைகள் போட்டிருந்தேன்: பனிக்காலணி நடை (கால் பனியில் புதையாமல் அகலமான சட்டத்தைக் காலணியில் கட்டி நடப்பது), வெந்நீர் ஊற்று, உறைந்த ஏரிக்கரையில் மரவீடு. வந்த கேள்விகள் பெரும்பாலும் ஏரி பற்றித்தான்: உறைந்த ஏரி மேல் நடக்கலாமா, கட்டி எவ்வளவு தடிமன் இருக்கணும்?

நடக்க, புதிதாக உறைந்த தெளிவான பனிக்கட்டி குறைந்தது 10 செ.மீ. வேண்டும். வெள்ளையாகக் குமிழோடு இருந்தால் பலம் பாதிதான், 20 செ.மீ. இல்லாமல் இறங்காதீர்கள். கரையோரம் ஒரு துளை போட்டு அளந்தால் போதாது, போகப் போக அளக்கணும். ஓடை சேரும் இடமும் வெளியேறும் இடமும் எப்போதும் மெல்லிசு. மேலே பனி மூடியிருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள்: அது போர்வை மாதிரி குளிரைத் தடுப்பதால் கட்டி சீக்கிரம் தடிக்காது. வசந்தம் நெருங்கினால் இந்தக் கணக்கே செல்லாது.

வெந்நீர் ஊற்றில் தலைக்குக் கம்பளித் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள். ஈர முடி நிமிடங்களில் விறைத்துவிடும்.

காரில் டேங்க் பாதிக்குக் கீழே போகவிடாதீர்கள். பனியில் சிக்கி ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிடும் முன், புகைக்குழாய் வாயிலிருக்கும் பனியை அள்ளிவிடுங்கள். அது அடைத்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகும், வாசனையே தெரியாது.