ஜூன் வந்துவிட்டது, நோட்டுச் செலவை எப்படிக் குறைப்பது?

வியாசர்பாடி அம்மா:
பெரியவன் ஏழாவது, சின்னவள் மூன்றாவது. தனியார் பள்ளி, ஸ்டேட் போர்டு. ஃபீஸ் கட்டியே கை காலி, இப்போது நோட்டு, பை, ஷூ, யூனிஃபார்ம் என்று நீளமாகப் பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். தரம் குறையாமல் எங்கே வாங்கலாம்?

பேப்பர்காரன்:
நோட்டுக்குப் பாரிமுனை போங்கள். ஆண்டர்சன் தெரு, பந்தர் தெரு மொத்தக் கடைகளில் டஜன் கணக்கில் கேட்டால் விலை நன்றாகவே இறங்கும், பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. வாங்கும் முன் கடைசித் தாளில் பேனாவால் கிறுக்கி, மை பின்பக்கம் ஊறுகிறதா என்று பாருங்கள். ஊறினால் பிள்ளை ஒரு பக்கம்தான் எழுத முடியும், மலிவு என்று வாங்கி என்ன பயன்? அப்புறம், 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டு, பென்சில், ரப்பருக்கு ஜிஎஸ்டி கிடையாது. பில்லைப் பாருங்கள்.

தையல் அக்கா:
யூனிஃபார்மை ரெடிமேடாக வாங்காமல் துணி எடுத்துத் தைக்க முடிந்தால், பேன்ட் காலிலும் பாவாடை ஓரத்திலும் இரண்டு அங்குலம் உள்ளே மடித்து விடச் சொல்லுங்கள் தங்கச்சி, அடுத்த வருடம் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். ஷூவில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள், பாவம், கால் கடிக்கும்.

ராயபுரம் சார்:
பாடநூல் கழகப் புத்தகத்தில் விலை அச்சடித்திருக்கும், அதற்கு மேல் ஒரு ரூபாய் தராதீர்கள். இணையத்தில் பிடிஎஃப் இலவசம். பழைய புத்தகம் வாங்குவதானால் பாடத்திட்டம் மாறியிருக்கிறதா என்று பள்ளியில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வியாசர்பாடி அம்மா:
ரொம்ப நன்றி. ஞாயிற்றுக்கிழமை கடை இருக்குமா?

பேப்பர்காரன்:
மொத்தக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். சனிக்கிழமை காலையிலேயே போய்விடுங்கள்.