தங்கம் தியேட்டரில் படம் பார்த்தவர்கள் வாங்க

மாசி வீதிக்காரன்:
மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி, மதுரைக்காரர்களுக்கு இது போதும். 2011-ல் தியேட்டரை இடித்துக்கொண்டிருந்தபோது அந்த வழியாக நடந்து போனேன். முன்சுவர் போயிருந்தது. தெருவில் நின்றே பால்கனிப் படி தெரிந்தது, அதன் மேல் உச்சி வெயில். இருட்டில் காலால் தடவித் தடவி ஏறிய படி அது. வெளிச்சத்தில் பார்க்க என்னவோ கூச்சமாக இருந்தது. “தள்ளிப் போங்க சார், தூசி” என்றார் ஒருவர். சரி, உங்களுக்கு என்ன நினைவிருக்கு?

வில்லாபுரம் செல்வி:
எனக்கு விசில்தான். அப்பத்தாவோடு போயிருந்தேன். திடீரென்று படம் மங்கியது, புரொஜெக்டரில் வெளிச்சத்துக்கு எரியும் கார்பன் குச்சி தீர்ந்துவிட்டது போல. முன்னால் யாரோ விசில் அடிக்க, அது பின்னால் வரை போய் மறுபடி எங்களிடமே வந்தது! 2563 சீட்டு இல்லையா. “ஆபரேட்டர் தூங்கிட்டான்டி” என்று அப்பத்தா காதைப் பொத்திக்கொண்டாள். தீர்ந்த கார்பன் துண்டைப் பொறுக்கிச் சுவரில் கோடு போட்டவர்கள் இங்கே யாராவது உண்டா?

கூடல் ராஜா:
எல்லாரும் 2011-க்கு அழுகிறீர்கள். படம் ஓடுவது அதற்குப் பல வருஷம் முன்பே நின்றாச்சே, அப்போது எங்கே போனோம்? 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’யோடு திறந்த காலத்தில் ஒரு படம் ஊருக்கு ஒன்றிரண்டு தியேட்டரில்தான் வரும். சுற்றுப்பட்டிச் சனம் வண்டி கட்டி வந்தது, கொட்டகை நிறைந்தது. அப்புறம் பிரிண்ட் (படச்சுருள் பிரதி) கூடி, அதே படம் பக்கத்து ஊரிலேயே ஓடியது. கேபிள் வீட்டுக்குள் வந்தது. வேறு தியேட்டரில் அறுநூறு பேர் வந்தால் நல்ல கூட்டம், தங்கத்தில் அது காலி. ஆனால் ஃபேன், ஆள் கூலி, பராமரிப்பு எதுவும் குறையாது. “ஆசியாவிலேயே பெரிசு” என்று நாம் பீற்றிய அந்த அளவுதான் அதைச் சாய்த்தது. பெரியார் பஸ் ஸ்டாண்டும் ரயில்வே ஸ்டேஷனும் பக்கத்தில் இருக்கும் இடம், நில மதிப்பைச் சொல்லவா வேண்டும்? ஜவுளிக்கடை வந்தது.
என் அனுபவம்: கடைசிக் காலத்தில் ஒரு மேட்னி. பால்கனியில் நானும், தூங்கிக்கொண்டிருந்த ஒருவரும்.

பாட்டுப்புத்தகம்:
அப்பாவின் டைரிக்குள் தங்கத்தின் பாதி டிக்கெட் ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இருக்கும், தேடுங்கள். கிடைத்தால் தயவுசெய்து லேமினேட் பண்ணாதீர்கள், அந்தச் சூட்டில் டிக்கெட் கெட்டுப்போகலாம், திரும்பப் பிரிக்கவும் முடியாது. செலோடேப் வேண்டவே வேண்டாம், மஞ்சளாகிக் காகிதத்தைத் தின்னும். படத்தின் பாட்டு வரிகள் அச்சிட்ட பாட்டுப் புத்தகம் என்றால் முதலில் துருப்பிடித்த பின்னை எடுங்கள். யார், எந்த வருஷம் என்று பின்னால் பென்சிலில் எழுதுங்கள், பேனா கூடாது. மழைக்காலத்தில் பீரோவின் அடித்தட்டில் வைக்காதீர்கள். வெயிலில் காயவைப்பது அதைவிட மோசம்.

வில்லாபுரம் செல்வி:
ராஜா அண்ணே, அளவுதான் காரணம்னா நம்மூர் சிந்தாமணி தியேட்டர் ஏன் போச்சு? 1937-ல் வந்த ‘சிந்தாமணி’ படத்து லாபத்தில் கட்டியது. தங்கம் அளவுக்குப் பெரிசும் இல்லை. அதுவும் இப்ப இல்லையே.

கூடல் ராஜா:
அது வேற கதைம்மா. அதுக்குத் தனி இழை போடு, வந்து சண்டை போடுறேன்.