கறுப்பு முகத்தைக் கறுப்பாகவே வரைவது எப்படி?

அம்மாப்பேட்டை ஆர்ட்ஸ்:
வணக்கமுங்க. சேலத்துல படம் வரைஞ்சு பிழைக்கிறேன். முன்னெல்லாம் சினிமா பேனர், கடை போர்டு. ஃபிளெக்ஸ் வந்தப்புறம் பெரும்பாலும் இறந்தவங்க படம்தான். "அப்பாவைக் கொஞ்சம் கலராப் போட்டுடுங்க"ன்னு கேக்காத வீடு கிடையாது. இப்ப ஒரு பொண்ணு, தறி ஓட்டின அப்பாயிக்குப் படம் கேக்குது. "அப்பாயி நல்ல கறுப்புங்க, அப்படியே வேணும்." கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல்னு ஒரு அமெரிக்கக் கறுப்பின ஓவியரோட படங்களையும் போன்ல காட்டுச்சு. மொகமெல்லாம் மை மாதிரி கறுப்பு. ஆனா கன்னமும் மூக்கும் தனித்தனியா எழும்பி நிக்குது! நான் கறுப்பு ட்யூபைத் தொட்டா மொகம் தட்டையாப் போயிடுது. பர்ன்ட் அம்பர்ங்கிற பழுப்புல வெள்ளை கலந்தே பழகின கை. அவர் எப்படிப் பண்றார்?

ஓய்வு டிராயிங் மாஸ்டர்:
அவருக்குக் கறுப்பு ஒன்றல்ல, மூன்று: ஐவரி, கார்பன், மார்ஸ். அவற்றோடு கோபால்ட் நீலம், குரோம் ஆக்சைடு பச்சை, ஊதா சேர்ப்பார். வெளிச்சம் விழும் இடத்தை வெள்ளையால் தூக்க மாட்டார். ஒரு கறுப்பு குளிர்ச்சி, பக்கத்துக் கறுப்பு சூடு. வித்தியாசம் அதில்தான். 1980-இல் டெம்பராவில், அதாவது முட்டைக் கருவில் குழைத்த வண்ணத்தில், வரைந்த சுய உருவத்தைப் பாருங்கள்: கறுப்பின் மேல் கறுப்பு, கண்ணும் பல்லும் சட்டையும் மட்டும் வெள்ளை. ஐரோப்பியப் பழைய ஓவியங்களில் கறுப்பர்கள் பெரும்பாலும் தட்டு ஏந்தி ஓரமாக நிற்பவர்கள். மியூசியச் சுவரில் அவர்களை நடுவில் நிறுத்துவதுதான் அவர் வேலை. கறுப்பைக் குறைத்தால் அந்த வாதமே விழுந்துவிடும்.

ஏற்காடு காப்பி:
கெஹிண்டே வைலின்னு இன்னொரு அமெரிக்கக் கறுப்பின ஓவியரும் இருக்காரே. 1801-இல் பிரெஞ்சு ஓவியர் டேவிட் வரைஞ்ச நெப்போலியன் குதிரைப் படத்தையே திரும்ப வரைஞ்சு, அதுல 2005-இல் டிம்பர்லேண்ட் பூட்ஸ் போட்ட கறுப்பு இளைஞனை ஏத்தி உக்கார வெச்சார். எனக்கென்னவோ அதுல பகட்டு ஜாஸ்தி. மிஷெல் ஒபாமாவை 2018-இல் வரைஞ்ச ஏமி ஷெரால்ட் தோலைச் சாம்பல்லதான் போடறாங்க. அண்ணா, அதுவும் ஒரு வழி.

அம்மாப்பேட்டை ஆர்ட்ஸ்:
சாம்பல் வேண்டாம் தம்பி, செத்தவங்க படத்துக்குச் சாம்பல் போட்டா அந்தப் பொண்ணு வீட்டுல அடிக்க வருவாங்க. மாஸ்டர் சொன்னதைக் காகிதத்துல போட்டுப் பாத்தேன். கன்னத்துல நீலக் கறுப்பு, கழுத்துல பழுப்புக் கறுப்பு. மூக்கு எழும்புதுங்க! பின்னாடி வழக்கமா ஊதாத் திரை போடுவேன், அது கறுப்பை முழுங்குது. தறியில இருக்கிற மஞ்சள் பாவு நூலையே பின்னாடி போடலாம்னு இருக்கேன். மார்ஸ் பிளாக் மட்டும் கடைவீதிப் பக்கம் அம்புடலை. யாராச்சும் கடை சொல்லுங்க, பதினாறாம் நாளுக்குள்ள குடுக்கணும்.