ராணுவம், போலீஸ், அடுத்து கவுன்சிலரா?

கோட்டைவாசி:
வேலூரில் எங்கள் தெரு முனையில் போன வாரம் ஒரு போஸ்டர் முளைத்திருக்கிறது. தேர்தல் தேதியே அறிவிக்கவில்லை, அதற்குள் இது. ராணுவத்தில் 17 வருடம், போலீசில் 20 வருடம், ஏட்டாக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். கவுன்சிலர் தேர்தலில் சுயேச்சையாக நிற்கப்போகிறாராம். பெயர் வேண்டாம். எனக்குத் தெரிந்து கை சுத்தமான ஆள். இரண்டு வருடம் முன்பு போன் தொலைந்து ஸ்டேஷனுக்குப் போனபோது உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, புகாரைப் பதிந்ததற்கான சிஎஸ்ஆர் ரசீது எழுதிக் கொடுத்து அனுப்பினார். டீக்குக்கூடக் காசு கேட்கவில்லை. என் ஓட்டு அவருக்குத்தான். வேண்டாம் என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

பாலாற்றுமணல்:
அண்ணா, ரசீது எழுதுவது அவர் வேலை. அதற்கு ஓட்டா? அப்புறம், வேலூர்ப் பக்கம் எக்ஸ் சர்வீஸ்மேன் என்பது என்ன அதிசயம்? கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். அந்தக் கணக்குப்படி அங்கே வீட்டுக்கு ஒரு கவுன்சிலர் இருக்க வேண்டும்.

எல்லையில் நின்றதற்குத் தலைவணங்குகிறேன். ஆனால் கவுன்சிலர் வேலை குடிநீர், தெருவிளக்கு, குப்பை, கால்வாய். மாமன்றத்தில் 60 பேரில் ஒருவராக உட்கார்ந்து, தன் வார்டுக்கு ஒரு கால்வாய் வாங்க மேயரிடமும் கமிஷனரிடமும் நடையாய் நடக்க வேண்டும். மேயரையே கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்சி இல்லாத ஒற்றை ஆளை அங்கே யார் மதிப்பார்கள்? 37 வருடமாக மேலே இருப்பவருக்கு சல்யூட் அடித்து, கீழே இருப்பவரை அதட்டிப் பழகியவருக்கு இந்த நடையும் குழைவும் வருமா?

எல்லைச்சாமி:
குழைவு வேண்டாம், நின்று பார்க்கிற ஆள் வேண்டும். 2022ல் காளிகாம்பாள் கோயில் தெருவில் என்ன நடந்தது? நிறுத்தியிருந்த பைக்கை நகர்த்தக்கூட இல்லாமல் சக்கரத்தோடு சேர்த்து சிமென்ட் ரோடு போட்டார்கள். படத்தைப் பார்த்து நாடே சிரித்தது. அந்த ராத்திரி யாராவது ஒரு ஆள் பக்கத்தில் நின்றிருந்தால் அது நடந்திருக்குமா?

எங்க அப்பா ஹவில்தாராக வந்தவர். வீட்டில் கொத்து வேலை என்றால் காலை ஆறரைக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். சிமென்ட் மூட்டையை எண்ணுவார், கலவையைக் கையில் அள்ளிப் பார்ப்பார். மேஸ்திரிக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆனால் பதினெட்டு வருடமாகச் சுவரில் ஒரு கீறல் இல்லை.

வரிகட்டுபவன்:
உங்கள் அப்பா நின்றால் நான் ஓட்டு போடுகிறேன். எனக்கு உறுத்துவது போலீஸ் பகுதிதான். புகார் கொடுக்கப் போனால் 'நீ யார், உன் வேலை என்ன' என்று ஆரம்பிப்பார்கள் பாருங்கள், அந்தப் பழக்கம் ஓய்வு பெற்றவுடன் போய்விடாது. தண்ணீர் வரவில்லை என்று கேட்கப் போகிறவனையும் அப்படித்தான் விசாரிப்பார்.

அந்தப் போஸ்டரை நானும் பார்த்தேன். ராணுவச் சீருடையில் ஒரு படம், காக்கியில் ஒரு படம். பிரசாரத்தில் ராணுவத்தினர் படத்தைப் போடாதீர்கள் என்று இந்தியத் தேர்தல் ஆணையம் 2019ல்கூடக் கட்சிகளுக்குச் சொன்னது. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், அது வேறு என்று யாரும் வராதீர்கள். சட்டத்தை நான் பேசவில்லை, முறையைப் பேசுகிறேன். அதோடு, இரண்டு பென்ஷன் வாங்குபவருக்கு கவுன்சிலர் என்று மாதம் 10,000 மதிப்பூதியம் வேறு!

எல்லைச்சாமி:
இரண்டு பென்ஷன் என்று யார் சொன்னது? ராணுவப் பென்ஷன் உண்டு. போலீசில் அவர் சேர்ந்தது 2003 ஏப்ரலுக்குப் பிறகு. அப்படிச் சேர்ந்தவர்களைப் பழைய பென்ஷனில் சேர்க்காமல், சம்பளத்தில் பிடிக்கிற பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில்தானே போட்டார்கள்? முன்னாள் ராணுவத்தினருக்குக் காவலர் தேர்வில் 5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, அதில் எழுதி உள்ளே போனவர். நாற்பதை நெருங்குகிற வயதில் இருபது வயதுப் பையன்களோடு மறுபடியும் கிரவுண்டில் ஓடினார். அதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

கலிபோர்னியாத்தம்பி:
தொரப்பாடியில் பிறந்து இப்போது லாஸ் ஏஞ்சல்ஸில் இருப்பவன். போலீஸ்காரர் நகரமன்றத்துக்கு வருவது இங்கே சகஜம். டாம் பிராட்லி என்பவர் 1940ல் இந்த ஊர் போலீசில் சேர்ந்தார், 21 வருடம் இருந்தார், கறுப்பினத்தவர் என்பதால் லெப்டினன்டுக்கு மேல் போக முடியவில்லை. 1963ல் நகரமன்ற உறுப்பினர், 1973 முதல் 20 வருடம் மேயர். 1991ல் ராட்னி கிங் என்பவரைப் போலீசார் அடித்த வீடியோ வந்தபோது, போலீஸ் தலைவரே பதவி விலக வேண்டும் என்று சொன்னவர் இவர். உள்ளே இருந்தவனுக்குத்தான் எங்கே ஓட்டை என்று தெரியும்.

பாலாற்றுமணல்:
தம்பி, அதே கலிபோர்னியாவில் டான் ஒயிட்டை மறந்துவிட்டீர்களே. வியட்நாம் போரில் இருந்தவர், சான் பிரான்சிஸ்கோவில் போலீஸ், பிறகு தீயணைப்பு வீரர். 1977ல் அந்த ஊர் மன்றத்துக்கு ஜெயித்தார். மறு வருடமே ராஜினாமா செய்தார், பதவியைத் திருப்பிக் கேட்டார், கிடைக்காது என்றானதும் துப்பாக்கியோடு போய் மேயரையும் சக உறுப்பினர் ஹார்வி மில்க்கையும் சுட்டுக் கொன்றார்.

கலிபோர்னியாத்தம்பி:
அண்ணே, ஏட்டையா சாக்கடை தூர்வார வருகிறார். அவரைக் கொண்டுபோய் எங்கே நிறுத்துகிறீர்கள்?

பாலாற்றுமணல்:
சரி, அது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் பிராட்லியைக் கொண்டுவந்தது நீங்கள்.

பூக்காரிமகன்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். எங்க அம்மா பஸ் ஸ்டாண்டு பக்கம் பூ கட்டி விற்கிறார். இரண்டு வருடம் முன்பு யாரோ பெரியவர் வருகிறார் என்று ரோட்டோரக் கடைகளை எடுக்கச் சொன்னார்கள். கூடையைத் தூக்க அம்மாவுக்கு இரண்டு நிமிடம் தாமதம். இந்த ஏட்டையாதான் லத்தியால் கூடையைத் தள்ளினார். நாலு முழம் மல்லி சேற்றில். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஈரத்துணியால் ஒவ்வொரு மொட்டாகத் துடைத்துக்கொண்டிருந்தார். சாயந்திரம் அவர் மப்டியில் வந்து நூறு ரூபாய் நீட்டினார். அம்மா வாங்கவில்லை.

கோட்டைவாசி:
தம்பி, இது எனக்குத் தெரியாது. ஆனாலும் திரும்பி வந்தாரே, அதையும் பார்க்க வேண்டும் இல்லையா? மேலிடத்து உத்தரவு, அவர் என்ன செய்வார்?

வரிகட்டுபவன்:
கடையை எடு என்பது உத்தரவு. கூடையைத் தள்ளு என்று யார் சொன்னது? நாளைக்கு அதே மாநகராட்சி நடைபாதைக் கடைகளை எடுக்கும். அன்றைக்கு இவர் எந்தப் பக்கம் நிற்பார்?

பூக்காரிமகன்:
அதைத்தான் அம்மாவிடம் கேட்டேன், ஓட்டு போடுவாயா என்று. 'வீட்டுக்கு வந்து கேக்கட்டும், அப்ப சொல்றேன்' என்றார்.

கோட்டைவாசி:
அப்படியானால் வார்டு மக்கள் கூடிக் குறை சொல்கிற ஏரியா சபையில் கேட்போம். 2022 நவம்பர் 1ல் முதல் தடவை நடந்தபோது எங்கள் பகுதியில் நாற்காலிதான் அதிகம். ஜெயித்தால் ஒழுங்காகக் கூட்டுவேன், கடைக்காரர்களையும் கூப்பிடுவேன் என்று எழுதித் தரச் சொல்கிறேன்.

எல்லைச்சாமி:
அதற்கு முன்னால் ஒன்று. நம் வார்டு இந்தத் தடவை பெண்களுக்குப் போனால்? பாதி இடம் அவர்களுக்குத்தான்.

பாலாற்றுமணல்:
போஸ்டரில் ஏட்டம்மா வருவார். படம் மட்டும் மாறும்.

கோட்டைவாசி (மூன்று நாள் கழித்து):
படம் மாறிவிட்டது. இன்று காலை பால் வாங்கப் போனபோது பார்த்தேன். சீருடைப் படம் இரண்டின் மேலும் வேட்டி சட்டையில் ஒரு படத்தை ஒட்டியிருக்கிறார்கள். பசைகூடக் காயவில்லை. இதையெல்லாம் யாரோ அவருக்குப் படித்துக் காட்டுகிறார்கள்.

பூக்காரிமகன்:
அப்போ மல்லியையும் படித்திருப்பார்.

கோட்டைவாசி:
அம்மாவிடம் வந்தாரா?

பூக்காரிமகன்:
இன்னும் இல்லை.