டொமைனில் சேர்க்காத லேப்டாப்களில் விண்டோஸ் ஆக்டிவேட் ஆகவில்லை, வழி சொல்லுங்கள்

லேப்_பொறுப்பாளர்:
வணக்கம். எங்கள் கல்லூரி லேப் கணினிகள் எல்லாம் டொமைனில் (கல்லூரி சர்வர் மையமாக நிர்வகிக்கும் கணினிக் குழுவில்) இருக்கின்றன. விண்டோஸ் 11 எஜுகேஷன், ஆபீஸ் 2021 வால்யூம் லைசென்ஸ் இரண்டும் யாரும் கை வைக்காமலே ஆக்டிவேட் ஆகிவிடுகின்றன. ஆசிரியர்களுக்குக் கொடுத்த 18 லேப்டாப்களை மட்டும் டொமைனில் சேர்க்கவில்லை; மேலிடம் சேர்க்க விடவும் இல்லை. லேப் கணினிகளில் போட்ட அதே இமேஜ்தான் (தயாராக வைத்திருக்கும் விண்டோஸ் நகல்). ஆனால் எஃப்074 என்று முடியும் பிழை (ஆக்டிவேஷன் சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்பது) வருகிறது, கேம்பஸ் வைஃபையில் இருந்தாலும். என்ன செய்யலாம்?

கேபிள்காரன்:
டொமைன் கட்டாயமில்லை சார். கேஎம்எஸ் என்பது நிறுவனத்துக்குள்ளேயே ஆக்டிவேஷன் கொடுக்கும் சர்வர்; 1688 போர்ட்டில் யார் வந்து கேட்டாலும் கொடுத்துவிடும். சர்வர் எங்கே என்பதை டிஎன்எஸ்ஸில் உள்ள எஸ்ஆர்வி பதிவிலிருந்துதான் கணினி தெரிந்துகொள்ளும். டொமைனில் இல்லாத லேப்டாப்புக்கு எந்தப் பெயரில் தேடுவதென்று தெரியாமல் போகலாம். நீங்களே சொல்லிவிடுங்கள்: அட்மினாக கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, எஸ்எல்எம்ஜிஆர் (விண்டோஸ் லைசென்ஸைக் கவனிக்கும்) கட்டளையில் எஸ்கேஎம்எஸ் போட்டு சர்வரின் முழுப்பெயரும் போர்ட்டும் கொடுங்கள். அப்புறம் ஏடிஓ போட்டால் ஆக்டிவேட் செய்யும். ஆபீஸுக்கு ஓஎஸ்பிபி ஸ்கிரிப்ட் தனி. வைஃபை வேறு விலேனில் (தனியாகப் பிரித்த வலையமைப்பில்) இருந்தால் ஃபயர்வாலில் 1688 திறந்திருக்க வேண்டும்.

சர்வர்ரூம்:
அதற்கு முன்னால் ஒன்று. உங்களிடம் கேஎம்எஸ் சர்வர் இருக்கிறதா? லேப் கணினி ஒன்றில் எஸ்எல்எம்ஜிஆர் டிஎல்வி (லைசென்ஸ் விவரம் காட்டும்) போட்டுப் பாருங்கள். ஆக்டிவ் டைரக்டரி (டொமைனை நடத்தும் சேவை) வழியாக ஆக்டிவேட் ஆனதாகக் காட்டினால், டொமைனுக்கு வெளியே இருக்கும் கணினிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

லேப்_பொறுப்பாளர்:
நீங்கள் சொன்னதுதான், ஆக்டிவ் டைரக்டரிதான் காட்டுகிறது. அதே ஹோஸ்ட் கீகளை (சர்வருக்கான லைசென்ஸ் கீகள்) போட்டு ஒரு சர்வரில் கேஎம்எஸ்ஸும் ஏற்றிவிட்டேன். இப்போது ஆபீஸ் ஆக்டிவேட் ஆகிறது, விண்டோஸ் எஃப்038 என்கிறது! சர்வரில் விண்டோஸ் எண்ணிக்கை 18.

சர்வர்ரூம்:
அங்கேதான் சிக்கல். விண்டோஸ் கிளையன்டுக்குக் குறைந்தது 25 கணினிகள் வந்து கேட்டால்தான் கேஎம்எஸ் வேலை செய்யும். ஆபீஸுக்கு 5 போதும், அதனால் அது போய்விட்டது. லேப் கணினிகள் முதலில் ஆக்டிவ் டைரக்டரியிடம் போய் வாங்கிக்கொள்வதால் இந்தக் கணக்கில் வராது. (18 வரை ஏறியிருக்கிறதே, சிஸ்ப்ரெப் ஒழுங்காகச் செய்திருக்கிறீர்கள். இல்லாவிட்டால் எல்லாம் ஒரே அடையாள எண்ணோடு வந்து 1-லேயே நின்றிருக்கும்.)

எம்ஏகே கீ (பல கணினிகளை மைக்ரோசாஃப்ட்டிடம் நேரடியாக ஆக்டிவேட் செய்யும் கீ) வாங்குங்கள். எஸ்எல்எம்ஜிஆரில் ஐபிகே போட்டு கீயைக் கொடுத்து, ஏடிஓ. ஒரு தடவை இணையம் இருந்தால் போதும். கேஎம்எஸ்ஸில் 180 நாளுக்குள் திரும்ப சர்வரைத் தொட வேண்டும். நீண்ட விடுப்பில் போகும் ஆசிரியரின் லேப்டாப்புக்கு அது ஒத்துவராது. ஆனால் எம்ஏகே எண்ணிக்கை அளவானது. ஃபார்மட் செய்து மறுபடி போட்டால் இன்னொன்று குறையும், கவனம்.

புது_அட்மின்:
நெட்டில் பொது கேஎம்எஸ் முகவரிகள் கிடைக்கின்றனவே, அது ஆகாதா?

கேபிள்காரன்:
வேண்டாம் தம்பி. அது லைசென்ஸே இல்லை. ஆடிட் வந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

லேப்_பொறுப்பாளர்:
லைசென்ஸ் போர்ட்டலில் எம்ஏகே ஏற்கெனவே இருந்திருக்கிறது, யாரும் தொடவில்லை. ஒரு லேப்டாப்பில் போட்டு எக்ஸ்பிஆர் பார்த்தேன், நிரந்தர ஆக்டிவேஷன் என்று வந்துவிட்டது. ஆபீஸுக்கும் எம்ஏகேதான் போடப் போகிறேன். நன்றி. மிச்ச லேப்டாப்கள் ஆசிரியர்கள் கையில் இருக்கின்றன, ஒவ்வொன்றாக வாங்கித்தான் முடிக்க வேண்டும்.